கிளவுடில் இருக்கும் படம் ஆப்பில் வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மஞ்சக்குப்பத்து ஸ்டுடியோவின் கல்யாண ஆல்பம் ஆப், பண்ருட்டி முந்திரி வியாபாரியின் சரக்குப் படங்கள், புதுச்சேரி ஒயிட் டவுன் விடுதியின் அறைப் படங்கள் என எதுவானாலும் வாடிக்கையாளர் போனில் சொல்வது ஒரே வரிதான்: "சார், படம் வரமாட்டேங்குது." அந்த ஒரு வரிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பொருந்தாது. காலாவதியான லிங்குக்கு ரீட்ரை (மறுமுயற்சி) போட்டால் பேட்டரிதான் தீரும். மெமரி போதாத போனில் கேஷை (இறங்கிய படங்களைப் போனில் வைத்துக்கொள்ளும் இடத்தை) பெரிதாக்கினால் ஆப் இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். அதனால் வாடிக்கையாளர் சொல்லும் அறிகுறியிலிருந்தே தொடங்குகிறோம். ஆண்ட்ராய்டு, ஐபோன், இரண்டுக்கும் ஒரே கோடில் ஆப் எழுதும் ஃப்ளட்டர் மூன்றுக்கும் பொதுவானவை பெரும்பாலும். தனியானவற்றை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

புரோகிராம் கோடைத் தொடும் முன்

படம் வராத யூஆர்எல் ஒன்றை உங்கள் சோதனைப் போனின் டெபக் லாகிலிருந்து முழுசாக நகலெடுத்து, கம்ப்யூட்டரின் டெர்மினலில் கர்ல் (யூஆர்எல்லை இறக்கும் கட்டளை) கொடுத்துக் கேளுங்கள். பிரவுசரில் ஒட்டிப் பார்த்து "எனக்கு வருதே" என்று முடிவு கட்டாதீர்கள். பிரவுசரில் உங்கள் கணக்கு ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும், குக்கீ இருக்கும். ஆப்புக்கு இரண்டும் கிடையாது.

கர்ல் கொடுக்கும்போது இரண்டு இடத்தில் கைதவறும். யூஆர்எல்லை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லையென்றால் நடுவில் வரும் முதல் ஆம்பர்சண்ட் குறியிலேயே டெர்மினல் கட்டளையை வெட்டிவிடும், லிங்கோடு வரும் அனுமதிக் கையொப்பத்தில் பாதி போய்ப் பிழை வரும், நீங்கள் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அடுத்தது, ஹெட்டரை (பதிலின் தலைக்குறிப்பை) மட்டும் கேட்கும் ஹெட் முறையைப் பயன்படுத்தாதீர்கள். அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-இல், கோப்பையே கேட்கும் கெட் முறைக்குப் போட்ட கையொப்பம் ஹெட்டுக்குச் செல்லாது, நல்ல லிங்கே 403 (அனுமதி மறுப்பு) காட்டும். கெட் முறையிலேயே ரேஞ்ச் ஹெட்டர் வைத்து 0 முதல் 15 வரை 16 பைட் மட்டும் கேளுங்கள். சரியாக இருந்தால் 206 (கேட்ட பகுதி மட்டும்) வரும்.

பதிலில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்டேட்டஸ் எண், கன்டென்ட்-டைப், அந்த முதல் பைட்டுகள். மூன்றில் அதிகம் பேசுவது பைட்டுகள்தான். ஜேபெக் என்றால் ஹெக்ஸில் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும். பிஎன்ஜி 89 50 4இ 47. வெப்பி ‘ரிஃப்’ என்ற நான்கு எழுத்தில் தொடங்கி, எட்டு பைட் தள்ளி ‘வெப்பி’ என்று வரும். ஐபோனின் ஹெயிக் கோப்பில் நான்கு பைட் தள்ளி ‘எஃப்டிஒய்பி’ இருக்கும். கோண அடைப்புக்குறியில் தொடங்கினால் அது படமே இல்லை, எச்டிஎம்எல் பக்கம் அல்லது எக்ஸ்எம்எல் பிழைச் செய்தி. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் பகிர்வு லிங்கை நேராக இமேஜ் வியூவில் போடுபவர்களுக்கு நேர்வது இதுதான். அந்த லிங்க் திறப்பது படத்தைக் காட்டும் ஒரு வலைப்பக்கத்தை. ஸ்டேட்டஸ் 200 (சரி) என்றே வரும், பைட்டுகளைப் படமாக்கும் டீகோடர்தான் தோற்கும்.

பைட்டுகள் சரியாக இருந்தால் கோளாறு ஆப்புக்குள். தவறாக இருந்தால் முகவரியிலோ அனுமதியிலோ. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

"நேத்து தெரிஞ்சுது, இன்னைக்குக் காணோம்"

403 வந்து, கூடவரும் எக்ஸ்எம்எல்லில் ‘ரிக்வெஸ்ட் ஹேஸ் எக்ஸ்பயர்ட்’ என்று இருந்தால் படம் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதை எடுக்கக் கொடுத்த சீட்டுதான் காலாவதி. பொதுவில் திறக்காத பக்கெட்டிலிருந்து, அதாவது கிளவுடில் கோப்புகளை வைக்கும் தொட்டியிலிருந்து, படம் எடுக்கச் சர்வர் கையொப்பமிட்டுத் தரும் லிங்க், பஸ் டிக்கெட் மாதிரி. நேரம் அதிலேயே அச்சாகியிருக்கும். எஸ்3-இன் இப்போதைய கையொப்ப முறையில் உச்சவரம்பு 7 நாள், அதாவது 6,04,800 வினாடி. அந்த 7 நாளும் நிரந்தர ஆக்சஸ் கீயால் கையொப்பமிட்டால்தான் கிடைக்கும். லாம்ப்டா, இசி2 போன்ற அமேசான் சர்வர் சேவைகளில் ஓடும் கோடு தற்காலிகச் சான்றுகளால் கையொப்பமிடுகிறது; அந்தச் சான்று முடியும்போது லிங்கும் முடிந்துவிடும். "ஏழு நாள்னு போட்டேன், சாயங்காலமே போயிடுச்சு" என்றால் முதலில் இங்கே பாருங்கள். கூகுள் போட்டோஸ் ஏபிஐ (ஆப் சர்வரோடு பேசும் வழி) தரும் பேஸ் யூஆர்எல்லுக்கு ஆயுள் 60 நிமிடம். டிராப்பாக்ஸின் தற்காலிக லிங்குக்கு 4 மணி நேரம்.

வேர் எங்கே என்றால், லிங்கை டேட்டாபேஸில் சேமித்து வைத்ததில். சேமிக்க வேண்டியது பக்கெட்டுக்குள் அந்தக் கோப்பின் பாதை மட்டும்: எந்த ஆல்பம், எந்தப் படம், எந்த அளவு. லிங்க் என்பது கேட்கும்போது தயாரித்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் மறந்துவிட வேண்டியது. இந்த ஒன்றை முதல் நாளே சரியாக வைத்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலையிருக்காது.

ஏற்கெனவே லிங்கைச் சேமித்துவிட்ட ஆப்பைத் திருத்தும் வரிசை இது. முதலில், பழைய லிங்கில் கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பாதையைப் பிரித்தெடுத்து டேட்டாபேஸில் புது நெடுவரிசையில் எழுதுங்கள். பாதை சதவிகிதக் குறியீட்டில் (சிறப்பு எழுத்துகளைச் சதவிகிதக் குறியோடு எழுதும் முறையில்) இருக்கும், ஒருமுறை டீகோட் செய்து சேமியுங்கள். அடுத்து, பாதைகளின் பட்டியலைக் கொடுத்தால் லிங்குகளின் பட்டியலைத் தரும் ஒரே ஏபிஐ எழுதுங்கள். படத்துக்கு ஒரு அழைப்பு என்று வைக்காதீர்கள். திரையில் 30 படம் இருக்கும்போது லிங்க் காலாவதியானால் முப்பதும் ஒரே நொடியில் புது லிங்க் கேட்டு ஓடும்; அதை ஒரே கோரிக்கையாகத் திரட்டுங்கள். கடைசியாக, 403 வந்தால் புது லிங்க் வாங்கி ஒரே ஒருமுறை மறுபடி முயலுங்கள். இரண்டாவது முறையும் 403 என்றால் அது அனுமதிக் கோளாறு. அங்கேயே நிறுத்தி லாகில் எழுதுங்கள்.

லிங்க் இன்னும் செல்லுமா என்று போனின் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். தேதியைக் கையால் மாற்றி வைத்திருக்கும் போன்கள் நிறைய. "இன்னும் எத்தனை வினாடி செல்லும்" என்று சர்வர் சொல்லட்டும். போன் பூட் ஆனதிலிருந்து ஓடும் கவுன்டரை வைத்து ஆப் எண்ணட்டும். ஆப்பே தற்காலிகச் சான்று வாங்கித் தானே கையொப்பமிடும் அமைப்பாக இருந்தால், போன் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் தவறினாலே எஸ்3 மறுத்துவிடும். அப்போது பிழைச் செய்தியில் ‘ரிக்வெஸ்ட் டைம் டூ ஸ்க்யூட்’ என்று வரும்.

இதே கோளாறுக்கு இன்னொரு முகம் உண்டு. படம் வரும், ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாக இறங்கும். வாடிக்கையாளர் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: "இந்த ஆப்பைத் திறந்தாலே அன்னைக்கு நெட் காலி." புதுக் கையொப்பம் என்றால் புது யூஆர்எல். படத்தை இறக்கிக் காட்டும் நூலகங்களான க்ளைடு, காயில் (ஆண்ட்ராய்டு), கிங்ஃபிஷர் (ஐபோன்) எல்லாமே இயல்பாக யூஆர்எல்லையே கேஷின் சாவியாக வைத்துக்கொள்கின்றன. அதே படம்தான் என்று அவற்றுக்குத் தெரியாது. க்ளைடில் க்ளைடு-யூஆர்எல் வகுப்பை விரித்துக் கேஷ் சாவியைத் தரும் செயற்கூறில் பாதையைத் திருப்பிக் கொடுங்கள். காயிலில் டிஸ்க் சாவி, மெமரி சாவி இரண்டையும் கையால் கொடுக்கலாம். ஃப்ளட்டரின் கேஷ்டு நெட்வொர்க் இமேஜில் கேஷ்-கீ என்றே ஓர் அளவுரு இருக்கிறது. கிங்ஃபிஷரில் ரிசோர்ஸோடு சாவியைச் சேர்த்துக் கொடுக்கலாம். சர்வர் பக்கத்திலும் ஒரு சிக்கனம்: 60 நிமிடம் செல்லும் லிங்கைத் தயாரித்தால் அதையே முதல் 45 நிமிடம் எல்லா அழைப்புக்கும் திருப்பிக் கொடுங்கள்.

கூகுளின் ஃபயர்பேஸ் ஸ்டோரேஜ் தரும் டவுன்லோட் யூஆர்எல் நேரத்தால் சாகாது, அதிலுள்ள டோக்கனை ரத்து செய்தால்தான் சாகும். ஆனால் அதே பாதையில் புதுக் கோப்பை ஏற்றும்போது டோக்கன் மாறிவிடலாம். எனவே அங்கும் பாதையைச் சேமிப்பதே பத்திரம்.

கூகுள் போட்டோஸை நம்பி எழுதிய பழைய ஆப் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2025 மார்ச் 31-க்குப் பிறகு லைப்ரரி ஏபிஐ வழியாக உங்கள் ஆப்பே ஏற்றிய படங்களை மட்டுமே படிக்க முடியும். பயனரின் முழு நூலகத்தையும் பட்டியலிட்டுக் காட்டிய கோடு அன்றோடு நின்றுவிட்டது. பயனரே தேர்ந்தெடுத்துத் தரும் பிக்கர் ஏபிஐக்கு மாறியாக வேண்டும். அதில் படத்தை இறக்கும்போது ஆத்தரைசேஷன் ஹெட்டரும் கூடப் போக வேண்டும். இமேஜ் லைப்ரரிக்கு வெறும் யூஆர்எல்லை மட்டும் கொடுத்தால் வராது.

"எல்லாம் வருது, நாலு படம் மட்டும் வரல"

எப்போதும் அதே நான்கு படங்கள் என்றால் முகவரியைச் சந்தேகியுங்கள். எஸ்3-இல் ஒரு குழப்பம் இருக்கிறது. கேட்பவருக்குப் பக்கெட்டைப் பட்டியலிடும் அனுமதி இல்லையென்றால், இல்லாத கோப்புக்கும் 404 (கோப்பு இல்லை) வராது, 403-தான் வரும். ஆகவே ‘ஆக்சஸ் டினைட்’ என்று பார்த்தவுடன் பாலிசியை (பக்கெட்டின் அனுமதி விதிகளை) மாற்றத் தொடங்காதீர்கள். கன்சோலில் அந்தப் பாதையில் கோப்பு இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுத்து எழுத்தாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘பொங்கல்’ என்ற சொல்லில் வரும் ‘ஒ’கரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக 0பிசிஏ என்ற இடத்தில் இருப்பது ஒன்று. 0பிசி6, 0பிபிஇ என்று ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வருவது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டில் முதலாவது ‘பொங்கல்’ 21, இரண்டாவது 24. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் என்பதால் அந்த வித்தியாசம். கிளவுட் சேமிப்பகம் பைட்டைத்தான் ஒப்பிடும். ஸ்டுடியோவின் மேக் கணினியில் பிரித்து எழுதப்பட்ட பெயரோடு ஏறிய படம், ஆண்ட்ராய்டு கீபோர்டில் சேர்த்து எழுதிய பெயரில் கேட்டால் கிடைக்காது. ‘கோ’, ‘சௌ’ வரிசைகளுக்கும் இதே கதை. ‘கடலூர்’ என்ற பெயரில் கோளாறு வராது, ‘கோயில்’ என்ற பெயரில் வரும். "சில படம் மட்டும்" என்ற மர்மத்துக்கு இதுவே விடையாக இருக்கும்போது பாலிசியில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

உடனடி நிவாரணம்: ஏற்றும்போதும் கேட்கும்போதும் பெயரை, குறிகளைச் சேர்த்தே எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே ஏறியவற்றை ஒரு ஸ்கிரிப்டால் நகலெடுத்துப் பெயர் மாற்றுங்கள். நிரந்தரத் தீர்வு: மனிதர் வைத்த பெயரைப் பாதையில் சேர்க்கவே கூடாது. யூயூஐடி போன்ற, தானாக உருவாகும் தனித்த அடையாளத்தைப் பாதையாக்கி, ‘பொங்கல் 2025’ என்ற தலைப்பை டேட்டாபேஸில் தனி நெடுவரிசையாக வைத்துத் திரையில் காட்டுங்கள். எஸ்3 பாதைக்கு 1,024 பைட் வரம்பு இருப்பதையும் கணக்கில் கொண்டால், தமிழில் அது 341 குறிகளோடு தீர்ந்துவிடும்.

தமிழ்ப் பெயர் இல்லாமலும் இதே அறிகுறி வரலாம். பெயரில் இடைவெளி, கூட்டல் குறி, ஹேஷ் குறி இருக்கிறதா பாருங்கள். ஹேஷுக்குப் பின்னால் உள்ளதை யூஆர்எல் பகுப்பான் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. ஃபயர்பேஸ் லிங்கில் சாய்கோடு சதவிகிதம் 2எஃப் என்று மாறியிருக்கும். அதை இன்னொரு முறை என்கோட் செய்தால் சதவிகிதம் 252எஃப் ஆகி 404 வரும். லாகில் ‘சதவிகிதம் 25’ என்று கண்டாலே இரட்டை என்கோடிங் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போதுதான் ஏற்றிய படம் மட்டும் வரவில்லை, கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறது என்றால் தம்ப்நெயில் (சின்ன நகல்) தயாரிக்கும் சர்வர் ஃபங்ஷன் முடிவதற்குள் ஆப் அதைக் கேட்டுவிட்டது. ஏற்றியவரின் போனில் கையிலிருக்கும் கோப்பையே காட்டுங்கள். மற்றவர்களுக்கு, தம்ப்நெயில் தயார் என்று டேட்டாபேஸில் குறி விழுந்த பிறகே பாதையைக் கொடுங்கள்.

"வீட்ல வருது, பஸ்ஸுல வரல"

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். பட்டியலில் 20 படம், ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து வந்த 4 எம்பி அசல் என்றால் 80 எம்பி. நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில் அது 320 வினாடி, ஐந்து நிமிடத்துக்கும் மேல். அதே இருபதை 30 கேபி தம்ப்நெயிலாகக் கொடுத்தால் 600 கேபி, இரண்டரை வினாடிக்குள் முடியும். வேறு எந்தத் திருத்தமும் இந்த அளவு பலன் தராது. 1080 பிக்சல் அகலத் திரையில் மூன்று படம் வரிசையாக வைத்தால் ஒன்றுக்கு 360 பிக்சல்தான் இடம். அங்கே 4000 பிக்சல் படத்தை இறக்குவது வீண். மூன்று அளவு போதும்: பட்டியலுக்கு 400 பிக்சல், முழுத்திரைக்கு 1080 அல்லது 1440, அசல் தனியாக. அசலைப் பயனர் ‘டவுன்லோட்’ அழுத்தினால் மட்டும் கொடுங்கள்.

அடுத்தது டைம்அவுட். க்ளைடை எதையும் சேர்க்காமல் அப்படியே பயன்படுத்தினால் அதன் நெட்வொர்க் டைம்அவுட் 2,500 மில்லிசெகண்ட், அதாவது இரண்டரை வினாடி. ஃபைபர் இணைப்பில் எழுதிச் சோதித்தவருக்கு இது கண்ணிலேயே படாது. ஓகேஎச்டிடிபி இணைப்பு நூலகத்தைச் சேர்த்தால் இணைவதற்கு 10 வினாடி, படிப்பதற்கு 10 வினாடி என்று மாறும். பேருந்துக்கு அதில் படிப்பதை 20 ஆக்குங்கள். ஐஓஎஸ்ஸின் யூஆர்எல்-செஷன் இயல்பில் 60 வினாடி காத்திருக்கும். அது மறுகோடி, அவ்வளவு நேரம் சுழலும் வட்டத்தை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ரீட்ரையில் எதற்கு, எத்தனை என்று தெளிவாக இருங்கள். டைம்அவுட், இணைப்பு அறுந்தது, 408 (நேரம் கடந்தது), 429 (கோரிக்கை அதிகம்), 500-உம் அதற்கு மேற்பட்டவையும் (சர்வர் கோளாறு) மட்டும் மறுமுயற்சிக்கு உரியவை. 1, 2, 4 வினாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தற்செயல் நேரத்தைக் கூட்டுங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரே டவரில் ஆயிரக்கணக்கான போன்கள் தொங்கும்போது எல்லா ஆப்பும் ஒரே நொடியில் மறுபடி கேட்டால் நெரிசல் இன்னும் கூடும், அதற்குத்தான் அந்தத் தற்செயல். ‘ரீட்ரை-ஆஃப்டர்’ ஹெட்டர் வந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். மூன்று முறைக்குப் பிறகு நிறுத்தி, படத்தின் இடத்தில் ‘மீண்டும் முயல்க’ பொத்தானைக் காட்டுங்கள். இணைப்பு திரும்பியது என்று சிஸ்டம் சொல்லும்போது தோற்றவற்றைத் தானாகவே ஒருமுறை கேளுங்கள்.

பக்கெட் எந்த ஊரில் இருக்கிறது என்றும் பாருங்கள். கன்சோலில் இயல்புத் தேர்வை மாற்றாமல் அழுத்திவிட்டு அமெரிக்காவில் பக்கெட் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு புது இணைப்புக்கும் பல முறை போய்த் திரும்பும் தாமதம் சேரும். பெரிய படத்தைவிடச் சின்னப் படங்களில்தான் இது அதிகம் உறைக்கும். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் ரீஜன் (டேட்டா சென்டர் தொகுதி) உண்டு. கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். இருக்கும் பக்கெட்டின் ஊரை மாற்ற முடியாது, புதிதாக உருவாக்கி நகலெடுக்க வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் முன்னால் ஒரு சிடிஎன் (பயனருக்கு அருகிலிருந்து நகலைத் தரும் சேவை) வையுங்கள்.

சோதனையை மேசையில் முடித்துவிடாதீர்கள். ஆப்பை ஏற்றிய சுமாரான போன் ஒன்றை எடுத்துக்கொண்டு புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பேருந்தில் ஏறுங்கள். வைஃபையோடு ஆப்பைத் திறந்து, நகரும்போது அதை அணைத்துவிடுங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி என்று டவர் மாறிக்கொண்டே போகும் வழியில் ஆல்பத்தைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். நடுவில் ஏர்பிளேன் மோடைப் போட்டு இருபது வினாடி கழித்து எடுங்கள். முன்பே பார்த்த படங்கள் சிக்னல் இல்லாமலும் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் டிஸ்க் கேஷ் வேலை செய்யவில்லை, "நேத்து தெரிஞ்சுது" அறிகுறியில் சொன்ன கேஷ் சாவிக்குத் திரும்புங்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற ஒரு நாளில் ஆப்புக்குக் கிடைப்பது போனில் ஏற்கெனவே இருப்பது மட்டும்தான்.

விடுதி வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால் அங்கே லாகின் பக்கம் ஒன்று வழிமறிக்கிறது. வைஃபை குறி முழுசாக இருக்கும், இணையம் இருக்காது. ஆண்ட்ராய்டில் ‘வேலிடேட்டட்’ என்ற தகுதி அந்த இணைப்புக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் "வைஃபையில் லாகின் செய்யுங்கள்" என்று பயனரிடம் சொல்லுங்கள்.

"பாதி வருது, கீழ சாம்பலா இருக்கு"

இறங்கும்போது இணைப்பு அறுந்து, அரைகுறைக் கோப்பு கேஷில் முழுக் கோப்பாக உட்கார்ந்துவிட்டது. நீங்களே எழுதிய டவுன்லோடரில்தான் பெரும்பாலும் இது நடக்கும். தற்காலிகப் பெயரில் எழுதி, கன்டென்ட்-லெங்த் சொன்ன பைட் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, சரியானால் மட்டும் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். டீகோட் தோற்றால் அந்தக் கேஷ் கோப்பை அழித்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

"கீழ தள்ளுனா ஆப் மூடிக்குது"

"மூணு எம்பி படம்தானே" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மெமரியில் கோப்பின் அளவுக்கு வேலையில்லை, பிக்சலுக்குத்தான் வேலை. 4000 × 3000 படம், பிக்சலுக்கு 4 பைட், ஆக 4,80,00,000 பைட். 48 எம்பி. திரையில் ஆறு படம் என்றால் 288 எம்பி. அதையே 400 × 300-ஆக டீகோட் செய்தால் 0.48 எம்பி, நூறில் ஒரு பங்கு. 50 மெகாபிக்சல் கேமராவின் 8160 × 6120 படம் கிட்டத்தட்ட 200 எம்பி. ஆண்ட்ராய்டில் 100 எம்பிக்கு மேற்பட்ட பிட்மேப்பை வரையவே முடியாது, ‘ட்ரையிங் டு டிரா டூ லார்ஜ் பிட்மேப்’ என்று ஆப் விழும்.

லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி’ தேடிக் கிடைக்கவில்லை என்பதால் மெமரிக் கோளாறு இல்லை என்று ஆகாது. ஆண்ட்ராய்டு 8 முதல் பிட்மேப்பின் பிக்சல்கள் ஜாவா ஹீப்புக்கு (ஆப்புக்கென வரம்பிட்ட மெமரிக்கு) வெளியே இருக்கின்றன. அதனால் எக்ஸெப்ஷன் எதுவும் வராமல், போனே ஆப்பைக் கொன்றுவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் ‘அப்ளிகேஷன் எக்ஸிட் இன்ஃபோ’வைக் கேட்டால் முந்தைய முறை ஏன் மூடியது என்று சொல்லும், அங்கே ‘லோ மெமரி’ என்று இருக்கிறதா பாருங்கள்.

திருத்தம், டீகோட் செய்யும்போதே அளவைச் சொல்வது. க்ளைடும் காயிலும் வியூவின் அளவைப் பார்த்துத் தாமே குறைக்கும். ஆனால் வியூவின் உயரத்தை ‘ராப் கன்டென்ட்’ என்று விட்டால் அவற்றுக்கு அளவு தெரியாது, தேவைக்கு மேல் பெரிதாக எடுத்துக்கொள்ளும். பட்டியலில் எப்போதும் நிலையான அளவு கொடுங்கள். ஃப்ளட்டரில் கேஷ்-விட்த் கொடுங்கள், அதைச் சாதனத்தின் பிக்சல் விகிதத்தால் பெருக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் படம் மங்கும். அகலம், உயரம் இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் போதும். இரண்டையும் கொடுத்தால் முகங்கள் நீளும். ஐஓஎஸ்ஸில் முழுப் படத்தை யூஐ-இமேஜாக்கிவிட்டுச் சுருக்குவது பயனில்லை, அதற்குள் மெமரி போய்விட்டிருக்கும். இமேஜ்-ஐஓவின் தம்ப்நெயில் வழியாக நேரடியாகச் சின்னதாக டீகோட் செய்யுங்கள்.

"அவங்க படத்து இடத்துல இவங்க படம்"

வேகமாகத் தள்ளும்போது மட்டும் வந்தால், பட்டியல் வரிசை மறுபயன்பாட்டுக்குப் போன பிறகு பழைய கோரிக்கையின் பதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வரிசையில் புதுத் தகவல் ஏறும்போது பழைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள். படம் இல்லாத வரிசைக்கும் ‘கிளியர்’ அழைக்க வேண்டும், பலர் தவறுவது அந்த ‘எல்ஸ்’ கிளையில்தான். முகப்புப் படத்தை மாற்றியும் பழசே தெரிகிறது என்றால் அது வேறு கோளாறு. கூகுள் கிளவுட் ஸ்டோரேஜில் பொதுவில் திறந்த கோப்புக்கு இயல்பாக ஒரு மணி நேரக் கேஷ் உண்டு, அமேசானின் சிடிஎன்னான க்ளவுட்ஃப்ரன்டில் இயல்பு 24 மணி நேரம். பழைய பெயரின் மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பெயர், டேட்டாபேஸில் புதுப் பாதை. பிறகு எவ்வளவு நீண்ட கேஷ் வைத்தாலும் கவலையில்லை.

"கேலரியில இருக்கு, எடுத்தா வரல"

கேலரியில் தெரிவது சின்ன நகல் மட்டுமாக இருக்கலாம், அசல் கிளவுடில் இருக்கும். ஐபோனில் ‘ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால் அப்படித்தான். அங்கே படக் கோரிக்கையின் விருப்பங்களில் நெட்வொர்க் அனுமதி இயல்பில் இல்லை என்றிருக்கும். ஆம் என்று மாற்றாவிட்டால் படம் வெறுமையாக வரும். பதிலழைப்பு இரண்டு முறை வரலாம். முதலில் மங்கலானது, பிறகு தெளிவானது. ‘டிகிரேடட்’ குறி உள்ளதைச் சர்வருக்கு ஏற்றிவிட்டால் ஆல்பம் முழுக்க மங்கலாகிவிடும். ஐபோனின் புதிய பிக்கரில் கிடைக்கும் கோப்பு, பதிலழைப்பு முடிந்ததும் அழிக்கப்படும். உள்ளேயே நகலெடுத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் கேலரி தரும் யூஆர்ஐயிலிருந்து (படத்தின் முகவரியிலிருந்து) கோப்புப் பாதையைத் தேடாதீர்கள், கிளவுடில் உள்ள படத்துக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. பின்னணி த்ரெட்டில் இன்புட் ஸ்ட்ரீமைத் திறந்து ஆப்பின் சொந்த இடத்துக்கு நகலெடுங்கள். திறப்பதே நேரம் எடுக்கலாம், நெட் இல்லையென்றால் தோற்கலாம். அதற்கென்று தனிச் செய்தி எழுதி வையுங்கள். யூஆர்ஐயைச் சேமித்து நாளைக்குத் திறக்க நினைத்தால் அனுமதி போயிருக்கும்.

"படம் படுத்துக்கிட்டிருக்கு"

கேமரா, படத்தைத் திருப்பாமல் ‘இதை இப்படித் திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃபில் (கோப்போடு சேர்ந்த குறிப்பில்) ஓர் எண்ணை எழுதி வைக்கிறது. 6 என்றால் வலப்பக்கம் 90 பாகை. தம்ப்நெயில் தயாரிக்கும் ஃபங்ஷன் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டுப் பிக்சலைத் திருப்பாமல் விட்டால், அசல் நேராகவும் தம்ப்நெயில் படுத்தும் இருக்கும். சர்வரில் முதலில் திருப்பி, பிறகு சுருக்குங்கள். ஐபோன் படம் மட்டும் பழைய ஆண்ட்ராய்டில் வரவில்லையென்றால் முதல் பைட்டுகளில் ‘எஃப்டிஒய்பி’ இருக்கும்; ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் எடுப்பது ஹெயிக்தான். சர்வரிலேயே ஜேபெக்காக மாற்றிக் கொடுங்கள்.

"உங்க போன்ல வருது, ப்ளே ஸ்டோர்லருந்து இறக்குனா வரல"

ஃப்ளட்டர் என்றால் ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்டை (ஆப்பின் அனுமதிகளை எழுதும் கோப்பை) பாருங்கள். இன்டர்நெட் அனுமதி டெபக், ப்ரொஃபைல் கோப்புறைகளின் மேனிஃபெஸ்டில் தானாக இருக்கும், மெயினில் இருக்காது. ரிலீஸில் ஒரு படம்கூட வராததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். எச்டிடிபியில் தொடங்கும் லிங்க் ஆண்ட்ராய்டு 9 முதல் இயல்பாகத் தடை, ஐபோனிலும் அப்படியே. விலக்கு எழுதுவதைவிட லிங்கை எச்டிடிபிஎஸ் ஆக்குங்கள். ஃபயர்பேஸில் ஆப் செக் (கோரிக்கை உண்மையான ஆப்பிலிருந்துதானா என்று பார்ப்பது) போட்டிருந்தால் ப்ளே ஸ்டோரின் கையொப்பச் சாவியின் ஷா-256 கைரேகை கன்சோலில் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். உங்கள் கணினியின் சாவி வேறு, கடை போடும் சாவி வேறு.

லாகில் என்ன எழுதுவது

அடுத்த முறை "படம் வரல" என்று போன் வரும்போது ஊகிக்காமல் இருக்க, தோற்ற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி போதும்: படத்தின் பாதை, ஸ்டேட்டஸ் எண், வந்த பைட் எண்ணிக்கை, எடுத்த மில்லிசெகண்ட், வைஃபையா மொபைலா, எத்தனையாவது முயற்சி, டீகோட் செய்த அளவு. கையொப்பமிட்ட லிங்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை இந்த லாகில் எழுதவே எழுதாதீர்கள். அது காலாவதியாகும் வரை, அந்த லாகைப் பார்க்கும் யாரும் அந்த வீட்டுக் கல்யாணப் படத்தைத் திறந்துவிடலாம்.